முப்பத்திரண்டாவது ஆள்

செந்தூலில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி.
கீழே பிரேக் மாற்றும் பட்டறை.
மேலே நூற்று நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி.
அதுதான் என் முதுகலைப் படிப்பின்
மூன்றாம் பருவச் செயல்முறைப் பயிற்சி.

ஏழு வருடம் டயர் கம்பெனியில் கணக்கெழுதியவள் நான்.
வராக்கடனை எந்தப் பத்தியில் போடுவதென்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
விண்ணப்பத்தில், ஏன் கலை நிர்வாகம் என்றார்கள்,
ஐந்நூறு சொற்களுக்குள்.
பத்தொன்பது வயதில் பார்த்த நாடகமொன்றில்
பாதியில் கரண்டு போனதை எழுதினேன்.
இருட்டிலும் நடிகர்கள் விடாமல் பேசினார்கள்;
அதை எழுதவில்லை.
ஜெனரேட்டருக்கு யார் பொறுப்பென்று
அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை;
அதை எழுதினேன்.
எடுத்துக்கொண்டார்கள்.

கிள்ளானிலிருந்து அக்கா போனில்:
"நாடகம் போடவா மாஸ்டர்ஸ் படிக்கிறே?"
"போட இல்லக்கா.
போட்ட நாடகத்துக்கு யாரு கரண்டு பில் கட்டுறதுன்னு."
"அதுக்குப் பதினெட்டாயிரம் வெள்ளியா?"
வகுப்பில்கூட யாரும்
இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

புதன் இரவு, ஏழரை மணி.
புவான் ரொஹைடா பலகையில் மூன்று வட்டம் போடுவார்:
கலை, பணம், பார்வையாளர்.
மூன்றும் உரசிக்கொள்ளும் இடத்தில்
சின்னதாய் ஒரு துண்டு மிஞ்சும்.
"உங்கள் வேலை இதற்குள்தான்."
"அதில் ஒரு ஸ்டூல்கூட போட முடியாதே" என்றான் தேவகுணன்.
லிம் ஷூ யீ படமெடுத்துக்கொண்டாள்.
தேர்வுக்கு வரலாம்.

உரிமத்துக்கு மாநகர் மன்றத்தில் நான்கு முறை.
ஆட்டமா, பாட்டா, பேச்சா?
மூன்றும் உண்டு என்றேன்.
ஒன்றில்தான் டிக் போடலாம் என்றாள் கவுண்டர் பெண்.
பேச்சில் போட்டேன்.
இயக்குநர் யோகதர்ஷினி இரண்டு நாள்
என்னோடு பேசவில்லை.

நாடகத்தன்று நான்கு மணிக்குத் தொடங்கிய மழை
எட்டுக்கும் விடவில்லை.
விற்றது அறுபத்திரண்டு. வந்தது முப்பத்தொன்று.
கறிபாப் மட்டும் நூற்று நாற்பதும் வந்துவிட்டன.
"ஆரம்பிக்கலாமா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.
பக்கத்தில் யாரையோ கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.
யாருமில்லை.
பத்து நிமிடம் என்றேன்.
அந்தப் பத்து நிமிடத்தில்
தொண்ணூறு நாற்காலிகளை அடுக்கிப்
பின்கட்டுக்கு இழுத்துப் போனேன்.
ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர்களை
நெருங்கி உட்காரச் சொன்னேன்.
எந்தப் பாடத்தில் வந்தது இது?
எதிலும் இல்லை.

பட்டறைக்கார ஆ குவானுக்கு
இரவு எட்டிலிருந்து பத்துவரை
காற்றழுத்த மெஷினைப் போடாமலிருக்க
ஐம்பது வெள்ளி கொடுத்திருந்தேன்.
இரண்டாம் காட்சியில் அவரே மேலே வந்தார்,
கையெல்லாம் கிரீஸ், வாசலோரமாய் நின்றார்.
லோரி எதையாவது நகர்த்தச் சொல்லத்தான் வருகிறாரென்று
எழுந்து போனேன். கையை அசைத்து உட்காரச் சொன்னார்.
ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.
கடைசி வரை நின்றார்.
ஒரு கறிபாப் எடுத்துக்கொண்டார், பிறகு இன்னொன்று.
ஐம்பது வெள்ளியைத் திருப்பித் தரவில்லை.

அறிக்கையில் வருகை: முப்பத்திரண்டு.
ஓரத்தில் புவான் ரொஹைடாவின் சிவப்பு மை:
ஒரே ஆள் செலவிலும் வருகையிலும் இருக்கிறாரே,
எதில் வைக்கிறீர்கள்?

அட்டவணையைத் திறந்துவைத்து
மூன்று இரவாகப் பார்க்கிறேன்.
செலவிலிருந்து எடுத்தால் கணக்குப் பொய்.
வருகையிலிருந்து எடுத்தால்
அந்த வாசல் காலியாகிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்துக்குள்
அனுப்ப வேண்டும்.